லினக்ஸில் எந்த வேலைக்கு முதலிடம்? ப்ராசஸ் முன்னுரிமைகளைச் சரியாக அமைக்கும் வழி

தைப்பூசக் காவடி அன்று மொரிஷியஸில் பொது விடுமுறை. ஆனால் கோவில் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அன்றுதான் ஆண்டிலேயே அதிக வேலை. ஊர்வலம் நேரலையாகப் போய்க்கொண்டிருக்கும். ரெயூனியனிலும் பிரான்சிலும் இருக்கும் சொந்தபந்தங்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதே கம்ப்யூட்டரில் ஒருவர் அர்ச்சனை ரசீது போடுவார், இன்னொருவர் காலையில் எடுத்த படங்களையெல்லாம் சிறிதாக்கக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். போதாக்குறைக்கு, தினசரி காப்புநகலும் அந்த நேரம் பார்த்துக் கிளம்பும். நேரலை திக்கத் தொடங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களில் (லினக்ஸில் இவற்றை ப்ராசஸ் என்பார்கள்) எதற்கு முன்னுரிமை என்று சொல்லிவிட்டால், இந்த நிலைமையைப் புதுக் கம்ப்யூட்டர் வாங்காமலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ரெடுய்யில் படிக்கும் மாணவர்களும், எபேன் அலுவலகங்களில் புதிதாக லினக்ஸ் பக்கம் வருகிறவர்களும், கோவில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கும் தொண்டர்களும் செய்து பார்க்கிற மாதிரி இங்கே எழுதியிருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். சி மொழி மாறிலிகள் பேரெழுத்தில் வரும். கடைசியில் வரும் சிஸ்டம்டி ஃபைல்களின் பெயர்களில் மட்டும் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் கலந்து வரும் (CPUWeight, IOSchedulingClass என்பது போல).

முதலில்: சண்டை எங்கே என்று பாருங்கள்

முன்னுரிமையை மாற்றுவதற்கு முன்னால், போட்டி உண்மையிலேயே சிபியுவுக்காகத்தான் நடக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பாதிப் பேர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு "நைஸ் வேலை செய்யவில்லை" என்பார்கள் (நைஸ் என்பது முன்னுரிமையை மாற்றும் கட்டளை).

நேரலைக்கு ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் புள்ளிவிவரச் சாளரத்தில் மூன்று எண்ணிக்கைகள் தனித்தனியாக இருக்கும். ரெண்டரிங் தாமதத்தால் தவறிய ஃப்ரேம்கள் ஏறினால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது. நெட்வொர்க்கால் விடப்பட்டவை ஏறினால் இணைய இணைப்பைப் பாருங்கள். என்கோடிங் தாமதத்தால் தவிர்க்கப்பட்டவை ஏறினால், அதுவும் எக்ஸ்264 போன்ற சாஃப்ட்வேர் என்கோடர் ஓடும்போது ஏறினால் மட்டுமே, இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயன்படும்.

ஓபிஎஸ் இல்லாத இடத்தில் டெர்மினலில் இதைப் போடுங்கள்:

விஎம்ஸ்டாட் 1

ஒரு நொடிக்கு ஒரு வரி வரும். இடது ஓரத்தில் 'ஆர்' என்ற தலைப்பின் கீழ் வரும் எண், சிபியுவில் ஓடிக்கொண்டோ அதற்குக் காத்துக்கொண்டோ இருக்கும் வேலைகளின் எண்ணிக்கை. நான்கு கோர் உள்ள கம்ப்யூட்டரில் அது தொடர்ந்து 4-ஐத் தாண்டி நின்றால் சிபியுவுக்கு அடிதடி நடக்கிறது. 'ஆர்' சிறியதாக இருந்து, வலப்பக்கம் 'டபிள்யூஏ' பெரியதாக இருந்தால் எல்லோரும் டிஸ்கிற்குக் காத்திருக்கிறார்கள். 'எஸ்ஐ', 'எஸ்ஓ' இரண்டும் பூச்சியத்தை விட்டு நகர்ந்துகொண்டே இருந்தால் ராம் போதவில்லை, ஸ்வாப் நடக்கிறது. ராம் பற்றாக்குறைக்கு எந்த முன்னுரிமையும் மருந்தாகாது. தேவையில்லாத பிரவுசர் டேப்களை மூடுவதுதான் வழி.

லோட் ஆவரேஜை மட்டும் நம்ப வேண்டாம். லினக்ஸில் டிஸ்கிற்காக உறைந்து நிற்கும் ப்ராசஸ்களும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் லோட் 9 என்று காட்டிக்கொண்டே சிபியு சும்மா இருக்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன

சாதாரண ப்ராசஸ் ஒவ்வொன்றுக்கும் நைஸ் மதிப்பு என்று ஒன்று உண்டு: -20 முதல் 19 வரை. எதுவும் சொல்லாவிட்டால் 0. எண் கூடக் கூட அந்த ப்ராசஸ் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்கும், அதாவது முன்னுரிமை குறையும். தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

டாப் கட்டளையின் திரையில் 'என்ஐ' என்ற பத்தி இந்த நைஸ் மதிப்பு. பக்கத்தில் 'பிஆர்' என்று இருப்பது அதனுடன் 20 கூட்டியது, அவ்வளவுதான். நைஸ் 0 என்றால் 20, நைஸ் 10 என்றால் 30. 'பிஆர்' பத்தியில் 'ஆர்டி' என்றோ குறை எண்ணோ தெரிந்தால் அது ரியல்டைம் ப்ராசஸ். அதைப் பிறகு பார்ப்போம்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் இந்த நைஸ் மதிப்பை ஓர் எடையாக மாற்றிக்கொள்கிறது. 0-க்கு எடை 1024. 1-க்கு 820. 5-க்கு 335. 10-க்கு 110. 19-க்கு 15. மறுபக்கம் -5-க்கு 3121, -20-க்கு 88761. ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 1.25 மடங்கு வித்தியாசம். ஒரே கோரில் காத்திருப்பவர்களின் எடைகளைக் கூட்டி, அவரவர் விகிதத்துக்குச் சிபியு நேரத்தைப் பிரித்துக் கொடுப்பதுதான் ஷெட்யூலரின் வேலை. 2007-இல் 2.6.23 கர்னலுடன் வந்த சிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலர் இப்படித்தான் பிரித்தது. 2023-இல் 6.6 கர்னலில் அதன் இடத்துக்கு வந்த ஈஈவிடிஎஃப்பும் அதே எடைகளைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது. டெபியன் 12-இல் பழையது, உபுண்டு 24.04-இல் புதியது. கீழே சொல்லும் கணக்கு இரண்டுக்கும் பொருந்தும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நைஸ் 0-வும் நைஸ் 10-உம் ஒரே கோரில் மோதினால் 1024-க்கு 110, அதாவது 90 சதவீதமும் 10 சதவீதமும். 0-வும் 19-உம் மோதினால் 98.6-க்கு 1.4. ஆனால் 10-உம் 11-உம் மோதினால்? 0-வும் 1-உம் மோதுவது போலத்தான், சுமார் 55-க்கு 45. தனி எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. எதிரில் நிற்பவரோடு உள்ள இடைவெளிதான் பேசும்.

எதிரில் யாருமே இல்லையென்றால்? பந்தியில் ஒரே ஓர் இலைதான் விழுந்திருக்கிறது என்றால் ஏழு கறியும் அந்த இலைக்குத்தான் வரும், உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும். நைஸ் 19 உள்ள ப்ராசஸும் காலியான கோரில் முழு 100 சதவீதத்தில்தான் ஓடும். நைஸ் என்பது வேகக் கட்டுப்பாடு அல்ல, பங்கு.

கையால் செய்து பார்ப்பது

ஒரே டெர்மினலில், ஒன்றன்பின் ஒன்றாக:

டாஸ்க்செட் -சி 0 யெஸ் > /டெவ்/நல் &
டாஸ்க்செட் -சி 0 நைஸ் -என் 5 யெஸ் > /டெவ்/நல் &
டாப்

டாஸ்க்செட் இரண்டையும் 0-ஆவது கோரில் கட்டிப்போடுகிறது. இது இல்லாமல் செய்தால் ஆளுக்கொரு கோர் கிடைத்து இரண்டும் 100 காட்டும், ஒன்றும் புரியாது. கட்டிப்போட்டால் 75-க்கு 25 என்ற அளவில் நிற்கும். டாப் திரையில் 'ஆர்' விசையை அழுத்தி, ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து, நைஸை 15 ஆக்கிப் பாருங்கள், பங்கு உடனே மாறும். முடிந்ததும் கில்ஆல் யெஸ். மறந்துவிட்டால் ஃபேன் சத்தமே நினைவூட்டும்.

"ஒரே டெர்மினலில்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு தனித்தனி டெர்மினல்களில் இதைச் செய்தால் நைஸ் 0, நைஸ் 19 என்று வைத்தும் ஆளுக்குப் பாதி என்று வரலாம். 2011-இல் 2.6.38 கர்னலுடன் வந்த ஆட்டோகுரூப் வசதி, ஒவ்வொரு செஷனையும் ஒரு குழுவாக்கி, முதலில் குழுக்களுக்கிடையே சிபியுவைப் பிரிக்கும். நைஸ் அந்தக் குழுவுக்குள்தான் செல்லும். உங்கள் கம்ப்யூட்டரில் அது இயங்குகிறதா என்பதை /ப்ராக்/சிஸ்/கர்னல்/ ஃபோல்டரில் உள்ள ஷெட்_ஆட்டோகுரூப்_எனேபிள்ட் ஃபைல் சொல்லும். 1 என்றால் இயங்குகிறது. லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி அமைக்கும் ப்ராசஸ் குழுக்களான சிகுரூப்களும் இதே வேலையைச் செய்யும். "நைஸ் வேலை செய்யவில்லை" என்ற புகாரில் பெரும்பங்கு இந்தக் குழுப் பிரிவினையால் வருவதுதான்.

முக்கியமானதை ஏற்றாதீர்கள், முக்கியமில்லாததை இறக்குங்கள்

புதியவர்களுக்கு முதலில் தோன்றுவது, நேரலை ப்ராசஸுக்கு -20 கொடுத்துவிடலாம் என்பது. அதற்கு ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும், 88761 எடையோடு ஓடும் ஒன்று மவுஸ், திரை, சத்தம் எல்லாவற்றையும் நசுக்கிவிடும். நேரலை 0-விலேயே இருக்கட்டும். படம் சுருக்கும் வேலையை (இங்கே எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி) இறக்குங்கள்:

நைஸ் -என் 15 எஃப்எஃப்எம்பெக் …

மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் வழக்கமாகக் கொடுக்கும் விவரங்கள். '-என்' இல்லாமல் வெறும் நைஸ் என்று போட்டால் 10 கூடும். பழைய வழக்கப்படி 'நைஸ் -5' என்று தட்டினால் அது குறை ஐந்து அல்ல, கூட்டல் ஐந்து. எப்போதும் '-என்' சேர்த்தே தட்டுங்கள், குழப்பம் மிஞ்சாது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற ரீநைஸ்:

ரீநைஸ் -என் 15 -பி 4312

இங்கே 15 என்பது கூட்டப்படுவதில்லை, அப்படியே புது மதிப்பாகிறது. சாதாரணப் பயனர் இறக்க மட்டும்தான் முடியும். 15-க்குப் போன பிறகு 0-வுக்குத் திரும்ப ரூட் வேண்டும். ஆகவே முதலில் 5, போதாவிட்டால் 10 என்று படிப்படியாக இறக்கலாம். எச்டாப் வைத்திருப்பவர்களுக்கு எஃப்8 நைஸைக் கூட்டும், எஃப்7 குறைக்கும்.

ரீநைஸில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. லினக்ஸில் நைஸ் மதிப்பு ப்ராசஸுக்கு அல்ல, அதற்குள் இணையாக ஓடும் வேலை இழையான த்ரெட்டுக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஃப்எஃப்எம்பெக்கை மேலே உள்ளபடி ரீநைஸ் செய்தால் முதன்மைத் த்ரெட் மட்டும் 15-க்குப் போகும். உண்மையில் சிபியுவைத் தின்னும் என்கோடர் த்ரெட்கள் 0-விலேயே நிற்கும். டாப்பில் பெரிய 'எச்' அழுத்தினால் த்ரெட்கள் தனித்தனி வரியாகத் தெரியும், 'என்ஐ' பத்தியைப் பாருங்கள். எல்லாவற்றையும் இறக்க, /ப்ராக்/4312/டாஸ்க் ஃபோல்டரில் உள்ள எண்கள் ஒவ்வொன்றுக்கும் ரீநைஸ் போட வேண்டும். தொடங்கும்போதே நைஸ் சேர்த்துத் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை, பிறக்கும் த்ரெட்களும் சைல்ட் ப்ராசஸ்களும் அதே மதிப்போடுதான் பிறக்கும்.

இன்னொன்று: எடை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி. நைஸ் 10-இல் ஒன்று இருந்தால் பத்து சதவீதம்தான். அதே நைஸ் 10-இல் பத்துப் படங்களை ஒரே நேரத்தில் சுருக்க விட்டு, அவையெல்லாம் நேரலை இருக்கும் கோருக்கு வந்தால், 1100-க்கு எதிராக 1024. நேரலைக்குப் பாதிகூடத் தேறாது. ஒரே நேரத்தில் எத்தனை ஓடுகின்றன என்பதையும் குறையுங்கள்.

இன்னும் கீழே: பேட்ச், ஐடில்

நைஸ் 19-உம் போதாதென்றால் ஷெட்யூலிங் கொள்கையையே மாற்றலாம். சிஎச்ஆர்டி என்ற கட்டளை அதற்கு. 'சிஎச்ஆர்டி -பி 0' என்று முன்னால் சேர்த்தால் பேட்ச். நீண்ட கணக்கு வேலைகளுக்கு. (இங்கே அந்த 'பி' ஆங்கில இரண்டாம் எழுத்து. ரீநைஸில் வந்தது பதினாறாம் எழுத்து.) 'சிஎச்ஆர்டி -ஐ 0' என்றால் ஐடில். இதன் எடை வெறும் 3. நைஸ் 0-வோடு மோதினால் கிடைப்பது 0.3 சதவீதம்.

ஐடிலை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். ரசீதுகள் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் இருக்கின்றன, காப்புநகல் ஸ்கிரிப்ட் அதைப் பூட்டிப் படிக்கிறது என்று வையுங்கள். பூட்டு கையில் இருக்கும்போதே நேரலை வந்து சிபியுவைப் பிடித்துக்கொண்டால், காப்புநகல் நகராது, பூட்டையும் விடாது. ரசீது போடுபவருக்கு 'டேட்டாபேஸ் லாக்ட்' என்ற செய்தி வரும். வாசலில் வரிசை நீளும். வேறொருவர் காத்திருக்கும் பூட்டைத் தொடுகிற எந்த வேலைக்கும் ஐடில் கூடாது. அதற்கு நைஸ் 10 போதும்.

டிஸ்க் தனி உலகம்

சிபியு நைஸ் டிஸ்க் வரிசையை அதிகம் தொடாது. அதற்கு ஐயோநைஸ் இருக்கிறது (ஆர்சிங்க் என்பது காப்புநகல் எடுக்கும் கருவி):

ஐயோநைஸ் -சி 3 நைஸ் -என் 15 ஆர்சிங்க் …

3 என்பது ஐடில் வகை. 2 என்பது வழக்கமான வகை, அதற்குள் 0 முதல் 7 வரை. ஆனால் இந்தச் சொல்லைக் கேட்டு நடப்பது டிஸ்க் ஷெட்யூலரைப் பொறுத்தது. /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/க்யூ/ஷெட்யூலர் ஃபைலைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் நடப்பில் உள்ளது. பிஎஃப்க்யூ என்றால் நன்றாகக் கேட்கும். எஸ்எஸ்டியில், குறிப்பாக என்விஎம்ஈ வகையில், 'நன்' என்று இருந்தால் ஐயோநைஸ் வெறும் அலங்காரம்.

சி நிரலில் எழுதும்போது

செட்ப்ரயாரிட்டி ஃபங்ஷனுக்கு மூன்று மதிப்புகள்: ப்ரயோ_ப்ராசஸ், பிறகு 0 (அழைக்கும் தானே), பிறகு வேண்டிய நைஸ். அனுமதியில்லாமல் மதிப்பைக் குறைக்கப் பார்த்தால் ஈஆக்சஸ் பிழை. இதையே நைஸ் ஃபங்ஷன் வழியாகச் செய்தால் ஈபெர்ம். இரண்டையும் சோதியுங்கள்.

கெட்ப்ரயாரிட்டியில் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: -1 என்பது பிழையாகவும் இருக்கலாம், உண்மையான நைஸ் மதிப்பாகவும் இருக்கலாம். அழைப்பதற்கு முன் எர்ர்நோவை 0 ஆக்கி, -1 வந்தால் எர்ர்நோ மாறியிருக்கிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். த்ரெட் விஷயம் இங்கும் அப்படியே: வொர்க்கர் த்ரெட்களைப் பிறப்பிப்பதற்கு முன்னால் செட்ப்ரயாரிட்டி அழையுங்கள்.

ரியல்டைம்: தொடாமல் இருப்பது நல்லது

ஃபிஃபோ, ஆர்ஆர் என்ற இரண்டு ரியல்டைம் கொள்கைகளுக்கு 1 முதல் 99 வரை முன்னுரிமை. இங்கே எண் பெரிதாக இருந்தால்தான் முன்னுரிமை அதிகம், நைஸுக்கு நேர் எதிர். பங்கு என்ற பேச்சே கிடையாது. ஃபிஃபோவில் உள்ள ப்ராசஸ் தானாகத் தூங்கும் வரையோ அதைவிடப் பெரிய எண் வரும் வரையோ கோரை விடாது. முடிவில்லாத லூப் ஒன்று அங்கே மாட்டினால் கம்ப்யூட்டர் உறைந்துபோனது போலிருக்கும். ஒரு நொடியில் 0.95 நொடிக்கு மேல் ரியல்டைமுக்குக் கொடுக்கக் கூடாது என்ற இயல்பான எல்லை இருப்பதால் மீதி 5 சதவீதத்தில் ஊர்ந்து போய்க் கில் செய்யலாம், அதுவே பெரிய பொறுமைச் சோதனை.

நாதஸ்வர ஒலி வெட்டுகிறதே என்று ஒலிக்கு ரியல்டைம் போடத் தேவையில்லை. லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர், தன் ஒலித் த்ரெட்களுக்குத் தேவையானதை ஆர்டிகிட் என்ற சேவை வழியாகத் தானே கேட்டுப் பெற்றுக்கொள்கிறது.

இதை நிரலில் கட்டாயம் கையாள வேண்டியவர்கள் 1997-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கு நேர்ந்ததைப் படிக்க வேண்டும். தாழ்ந்த முன்னுரிமை உள்ள வானிலைப் பணி ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்திருந்தது. உயர்ந்த முன்னுரிமை உள்ள பஸ் நிர்வாகப் பணி அதற்காகக் காத்து நின்றது. இடையில் நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று புகுந்து வானிலைப் பணியை ஓடவிடாமல் செய்தது. கண்காணிப்பு டைமர் பொறுமையிழந்து கணினியை மறுபடி மறுபடி ரீசெட் செய்தது. மியூடெக்ஸில் முன்னுரிமை மரபேற்பை, அதாவது பூட்டை வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை, பூமியிலிருந்து இயக்கிவிட்டுத்தான் சரி செய்தார்கள். லினக்ஸில் அதே வசதி பிதிரெட் மியூடெக்ஸின் ப்ரோட்டோகால் பண்பில் ப்ரயோ_இன்ஹெரிட் என்று இருக்கிறது, இயல்பாக அணைந்திருக்கும்.

நிரந்தரமாக அமைப்பது

ஒவ்வொரு முறையும் கையால் ரீநைஸ் போடுவது திருவிழா நெரிசலில் நடக்காது. காப்புநகல் சிஸ்டம்டி சர்வீஸாக ஓடுகிறது என்றால் அதன் யூனிட் ஃபைலில் எழுதிவிடுங்கள். ஆனால் வெறும் 'நைஸ்=15' என்று எழுதினால், முன்பு சொன்ன குழுப் பிரிவினை குறுக்கே வரும். சிஸ்டம்டி ப்ராசஸ்களை ஸ்லைஸ் என்ற பெரிய குழுக்களாகப் பிரித்து வைக்கிறது. சர்வீஸ்கள் சிஸ்டம் ஸ்லைஸிலும் ஓபிஎஸ் யூசர் ஸ்லைஸிலும் இருக்கும், இரண்டுக்கும் எடை தலா 100. காப்புநகல் சர்வீஸுக்கு மட்டும் சிபியுவெயிட்=20 போட்டாலும் அது சிஸ்டம் ஸ்லைஸுக்குள் இருக்கும் சகோதரர்களோடுதான் ஒப்பிடப்படும்.

ஆகவே தனி ஸ்லைஸ் ஒன்று வேண்டும். /ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் ஃபோல்டரில் 'காப்பு.ஸ்லைஸ்' என்று ஒரு ஃபைல் உருவாக்குங்கள். பெயரில் கோடு வேண்டாம், கோடு போட்டால் சிஸ்டம்டி அதை ஒன்றுக்குள் ஒன்றான ஸ்லைஸாக எடுத்துக்கொள்ளும். உள்ளே:

[ஸ்லைஸ்]
சிபியுவெயிட்=20
சிபியுகோட்டா=100%

காப்புநகல் யூனிட்டின் [சர்வீஸ்] பகுதியில் (மேலே சொன்ன மாதிரி பூட்டைத் தொடும் காப்புநகல் என்றால் ஐடில் வரியை விட்டுவிட்டு, நைஸை 10 ஆக வையுங்கள்):

ஸ்லைஸ்=காப்பு.ஸ்லைஸ்
நைஸ்=15
ஐஓஷெட்யூலிங்கிளாஸ்=ஐடில்

மூன்று ஸ்லைஸும் மோதும்போது காப்புநகலுக்கு 220-இல் 20, சுமார் 9 சதவீதம். சிஸ்டம் ஸ்லைஸ் சும்மா இருந்தால் 120-இல் 20.

சிபியுகோட்டா எதற்கு? எடை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கோர்கள் காலியாக இருக்கும்போது காப்புநகலின் சுருக்கும் வேலை நான்கையும் முழு வேகத்தில் ஓட்டும். காவடி வருவது ஜனவரி, பிப்ரவரியில், நம் ஊரில் நடுக்கோடை. ஜன்னல் சாத்திய அலுவலக அறையில் சிபியு சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டால் நேரலையும் சேர்ந்து அடிவாங்கும். புயல் நாளில் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போதும் அப்படித்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். கோட்டா 100% என்றால் மொத்தத்தில் ஒரு கோர் அளவுக்கு மேல் எப்போதும் போகாது. இரண்டு கோர் கொடுக்கலாம் என்றால் 200%.

பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', சர்வீஸை ஒருமுறை ஓட விடுங்கள், இன்னொரு டெர்மினலில் சிஸ்டம்டி-சிஜிடாப் திறந்து பாருங்கள். காப்பு.ஸ்லைஸ் தனி வரியாகத் தெரிந்து, அதன் சிபியு எண் 100-ஐத் தாண்டாமல் நிற்க வேண்டும். தெரியவே இல்லையென்றால் யூனிட்டில் ஸ்லைஸ் பெயரின் எழுத்து பிசகியிருக்கும், அல்லது அந்த வரி [சர்வீஸ்] பகுதிக்கு வெளியே, [யூனிட்] பகுதிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.